‘சொல்லி அனுப்புறோம்’ என்றவர்கள் சொல்லாமல் விட்ட பிறகு: 14416 எந்த அளவுக்கு உதவும்?

இன்டர்வியூ முடிந்து இரண்டு வாரம் ஆகிறது. “சொல்லி அனுப்புறோம்” என்றவர்களிடமிருந்து ஒரு வரி மின்னஞ்சல் வருகிறது: இம்முறை உங்களைத் தேர்வு செய்ய இயலவில்லை. பல நேரம் அந்த ஒரு வரிகூட வருவதில்லை. இரவு பதினொன்றரை, வீடு தூங்கிவிட்டது, மின்னஞ்சல் வந்தவர் மட்டும் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறார். அந்த நேரத்தில் திறந்திருக்கும் கதவுகளில் ஒன்று 14416. இது எல்லா வகை மனநலப் பிரச்சினைக்குமான அரசின் அழைப்பு எண். இங்கே நாம் பார்க்கப்போவது ஒன்றே ஒன்றுதான்: வேலைக்கு விண்ணப்பித்து விண்ணப்பித்து ஓய்ந்துபோனவருக்கு இது எதற்கு உதவும், எதற்கு உதவாது, எப்படிக் கூப்பிட்டால் பலன் கிடைக்கும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இது நல்ல சேவை. காசு கிடையாது, தமிழில் பேசலாம், நடுராத்திரியிலும் கூப்பிடலாம். ஆனால் பலர் இதைக் கடைசிக் கட்டத்துக்கான எண் என்று ஒதுக்கி வைத்துவிடுகிறார்கள். மூன்றாவது, நான்காவது ரிஜெக்ட் வந்து தூக்கம் கெடத் தொடங்கும் நாட்களில்தான் ஓர் அழைப்பு அதிகம் வேலை செய்யும். அந்த நாட்களில் யாருக்கும் இந்த எண் நினைவுக்கு வருவதில்லை. வந்தாலும், தயாரிப்பு இல்லாமல் கூப்பிட்டு, “ஒண்ணும் பெருசா இல்ல மேடம், சும்மாதான்” என்று ஐந்து நிமிடத்தில் வைத்துவிட்டால் கிடைப்பது ஆறுதல் வார்த்தை மட்டுமே.

சேவையின் பெயர் டெலி மானஸ். 2022-23 மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டு, 2022 அக்டோபர் 10 அன்று, உலக மனநல நாளில் தொடங்கப்பட்டது. மத்திய அரசின் மனநல மருத்துவ நிறுவனமான பெங்களூரு நிம்ஹான்ஸ் இதன் தலைமை மையம். எல்லா மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் இதற்கான மையங்கள் இயங்குகின்றன. 20 மொழிகளில் பேசலாம். தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் இதே எண் இயங்குகிறது. 14416 கிடைக்காவிட்டால் 1800 891 4416 என்ற நீண்ட எண்ணும் உண்டு. இரண்டும் கட்டணமில்லாதவை, 24 மணி நேரமும் இயங்குபவை. தொடங்கியதிலிருந்து நாடு முழுவதும் வந்த மொத்த அழைப்புகள் 2025-இல் 20 லட்சத்தைக் கடந்துவிட்டன. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. “என் பிரச்சினைக்கெல்லாம் இவங்க நேரத்தை வீணாக்கணுமா” என்று தயங்குகிறவர்கள், தூக்கம் வரவில்லை, மனசு சரியில்லை என்று சொல்வதற்காகவும் நடத்தப்படும் எண் இது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

சேவை இரண்டு படிகளாக அமைந்தது. முதலில் எடுப்பவர் பயிற்சி பெற்ற ஆலோசகர். அவரால் முடியாததை மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர், மனநல சமூகப் பணியாளர் ஆகியோர் கொண்ட இரண்டாம் படிக்கு மாற்றுவார். நேரில் பார்க்க வேண்டும் என்றால் மாவட்ட மனநலத் திட்டத்துக்கோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ வழிகாட்டுவார். வேலை நிராகரிப்பின் வருத்தத்துக்குப் பெரும்பாலும் முதல் படியே போதும்.

கூப்பிடும் முன்

போனை எங்கே வைத்துப் பேசுவது என்பதுதான் நம் வீடுகளில் முதல் சிக்கல். இரண்டு அறை வீட்டில் அம்மா காதில் விழாமல் அழ முடியாது. மொட்டை மாடி, பூட்டிய பைக் நிறுத்துமிடம், கோயில் பிராகாரத்தின் ஆளில்லாத பக்கம், ஹாஸ்டல் என்றால் துணி காயப்போடும் இடம், எதுவாக இருந்தாலும் சரி. அரை மணி நேரம் யாரும் குறுக்கே வராத இடமாக இருக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டும் டீக்கடையும் வேண்டாம். இரைச்சலில் குரலை உயர்த்த வேண்டிவரும், உயர்த்தினால் உண்மையைச் சொல்ல நா எழாது. இயர்போன் போட்டுக்கொண்டால் எதிர்முனைப் பேச்சு வெளியே கேட்காது. பேட்டரி பாதிக்கு மேல் இருக்கட்டும்.

பிறகு ஒரு துண்டுத் தாள். இதைத்தான் அழுத்திச் சொல்கிறோம், ஏனென்றால் அழைப்பின் பலனில் பாதி இந்தத் தாளில் இருக்கிறது. ஐந்து வரி போதும். எத்தனை மாதமாகத் தேடுகிறீர்கள், எத்தனை இடத்துக்கு விண்ணப்பித்தீர்கள் என்பது முதல் வரி. எந்தக் கட்டத்தில் நின்றது என்பது இரண்டாவது. தூக்கமும் சாப்பாடும் எத்தனை நாளாகக் கெட்டிருக்கின்றன என்பது மூன்றாவது. மிகவும் குத்திய ஒரு வாக்கியம் நான்காவது. அது நிறுவனம் சொன்னதாகவும் இருக்கலாம், சித்தப்பா சொன்னதாகவும் இருக்கலாம். இந்த அழைப்பில் என்ன வேண்டும் என்பது ஐந்தாவது: அழுது தீர்க்க வேண்டுமா, இன்று இரவு தூங்க வேண்டுமா, நாளை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரிய வேண்டுமா?

எண்ணை அழுத்தியதும் பதிவுக் குரல் மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். தமிழைத் தேர்ந்தெடுங்கள். ஆங்கிலத்தில் இன்டர்வியூ கொடுக்கிறவர்களும் தமிழிலேயே பேசுவது நல்லது. படித்த மொழியில் வருத்தத்தைச் சொன்னால் அது ரிப்போர்ட் மாதிரி ஆகிவிடுகிறது. வீட்டு மொழியில் சொல்லும்போதுதான் தொண்டை அடைக்கிறது, அது நல்ல அறிகுறி. ஷார்ட்லிஸ்ட், கட் ஆஃப், டெக்னிக்கல் ரவுண்டு என்று கலந்து பேசுவதில் தடையில்லை.

முதல் வாக்கியம் தாளைப் பார்த்தே வரட்டும். “மேடம், எட்டு மாசமா வேலை தேடுறேன். பதினாலு இன்டர்வியூ ஆச்சு. போன வாரம் ஒரு கம்பெனில கடைசி ரவுண்டு வரைக்கும் போய் ரிஜெக்ட் ஆச்சு. அதுலேர்ந்து தூக்கம் இல்ல.” இருபது நொடிதான். இப்படித் தொடங்கினால் ஆலோசகர் நேராக விஷயத்துக்கு வந்துவிடுவார். “மனசு கஷ்டமா இருக்கு” என்று மட்டும் தொடங்கினால், என்ன கஷ்டம் என்று கேட்டுக் கேட்டு வெளியே எடுப்பதற்கே பாதி நேரம் போய்விடும். அந்தக் கேள்விகளே விசாரணை போலத் தோன்றி மனம் மூடிக்கொள்ளும்.

எந்தக் கட்டத்தில் நின்றது என்று ஏன் எழுதச் சொல்கிறோம்

நிராகரிப்பு என்பது ஒரே வலி இல்லை. வகை தெரிந்தால்தான் மருந்து தெரியும்.

ரெஸ்யூமே அனுப்பிப் பதிலே வராதது ஒரு வகை. அங்கே உங்களை யாரும் பார்க்கவே இல்லை. வேலை விளம்பரத்தில் உள்ள சொற்கள் விண்ணப்பத்தில் இருக்கின்றனவா என்று பல இடங்களில் மென்பொருள் தேடிப் பார்த்து வரிசைப்படுத்துகிறது, மேலே வந்த சிலவற்றை ஒருவர் ஓட்டமாகப் பார்க்கிறார். சில இடங்களில் விளம்பரம் வெளிவரும்போதே உள்ளுக்குள் ஆள் முடிவாகியிருக்கும். இந்த மௌனத்தில் உங்களைப் பற்றிய தீர்ப்பு எதுவும் இல்லை. ஆனால் பதில் இல்லாத இடத்தை மனசு தானே நிரப்பிக்கொள்ளும், அதுவும் இருப்பதிலேயே மோசமான பதிலை வைத்து. “நான் எதுக்கும் லாயக்கில்ல” என்ற வாக்கியம் அதிகம் பிறக்கும் இடம் இதுதான். எந்த நிறுவனமும் அதைச் சொல்லவில்லை, மௌனத்துக்கு நீங்கள் கொடுத்த குரல் அது. ஆலோசகரிடம் பேசும்போது இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லிப் பாருங்கள்: “அவங்க ஒண்ணும் சொல்லல. நானா நினைச்சுக்கிட்டது இது.”

கடைசி ரவுண்டில் போவது முற்றிலும் வேறு. அங்கே மனம் ஏற்கெனவே குடிபோய்விட்டது. சென்னை ஓஎம்ஆரில் எந்த பிஜி விடுதி மலிவு, எந்த பஸ் போகும், முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு என்ன வாங்குவது என்பதுவரை கணக்குப் போட்டாகிவிட்டது. இரண்டு பேருக்குச் சொல்லியும் ஆகிவிட்டது. பிறகு அது போகும்போது ஏற்படுவது இழப்பின் துக்கம். துக்கத்துக்கு “அடுத்தது பார்த்துக்கலாம்” என்பது மருந்தாகாது. முதல் இரண்டு மூன்று நாள் அதைத் துக்கமாகவே விட்டுவிட வேண்டும். அந்த நாட்களில் புதிய விண்ணப்பம் அனுப்பாமல் இருப்பதே நல்லது. அவசரத்தில் அனுப்பியதில் பழைய கம்பெனிப் பெயரே கவர் லெட்டரில் இருந்து, அதுவும் திரும்பி வரும்.

அரசுத் தேர்வின் தோல்வி மூன்றாவது வகை. 2025-இல் நடந்த டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்கு அறிவிக்கப்பட்ட இடங்கள் 3,935. விண்ணப்பித்தவர்கள் 13 லட்சத்து 89 ஆயிரத்துக்கும் மேல். ஓர் இடத்துக்கு ஏறத்தாழ 350 பேர். பிறகு இடங்கள் கூட்டப்பட்டன, ஆனாலும் கணக்கின் போக்கு மாறவில்லை. நன்றாகப் படித்த பல்லாயிரம் பேர் வெளியே நிற்கத்தான் செய்வார்கள். இதைத் தெரிந்துகொள்வது முதல் தோல்விக்கு ஆறுதல். நான்காவது தோல்விக்கு அது போதாது, ஏனென்றால் அப்போது வலிப்பது மதிப்பெண் இல்லை, போன வருடங்கள். வயசு, வீட்டில் கழிந்த பொறுமை, கல்யாணப் பேச்சு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வரும். இந்த வகைக்கு ஒரே அழைப்பு போதாது. இன்னும் எத்தனை முறை எழுதுவது, எந்தத் தேதியில் நிறுத்தி மறுயோசனை செய்வது என்று முடிவெடுக்கும் வரை இரண்டு மூன்று முறை பேச வேண்டியிருக்கும்.

ஆஃபர் கொடுத்துவிட்டு ரத்து செய்வது, சேரும் தேதியைத் தள்ளிக்கொண்டே போவது என்று இன்னொன்றும் இருக்கிறது. அதில் கோபமே முதல் உணர்ச்சி, அது நியாயமான கோபம். பழைய வேலையை ராஜினாமா செய்துவிட்டவருக்குப் பணக் கவலையும் சேரும். 14416-இல் கோபத்தைக் கொட்டலாம். கடிதத்தில் உள்ள உரிமை பற்றி வழக்கறிஞரிடம்தான் கேட்க வேண்டும்.

அழைப்பில் என்ன நடக்கும்

பெயரைச் சொல்லியே ஆக வேண்டும் என்ற அச்சம் வேண்டாம். எதைச் சொல்லத் தயக்கமோ அதைத் தயக்கம் என்றே சொல்லலாம். வேலை தேடுகிறவர்களின் பெரிய பயம் வேறு: இங்கே பேசியது பின்னாளில் கம்பெனிக்குத் தெரிந்துவிடுமோ? 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மனநல சிகிச்சை பெறுகிறவருடைய தகவலின் ரகசியத்தை உரிமையாகவே வைத்திருக்கிறது. நிறுவனங்கள் செய்யும் பின்புலச் சரிபார்ப்பு என்பது பொதுவாக முகவரி, பட்டம், முந்தைய வேலை, குற்ற வழக்கு ஆகியவற்றைச் சரிபார்ப்பதுதான்.

ஆலோசகர் முதலில் கேட்பார். பிறகு தூக்கம், பசி, குடிப்பழக்கம், கூட இருப்பவர்கள் பற்றி விசாரிப்பார். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்ததா என்று நேரடியாகவே கேட்கக்கூடும். பலர் இந்தக் கேள்வியில் திடுக்கிட்டு, “ஐயோ, அப்படியெல்லாம் இல்ல” என்று பேச்சை முடித்துவிடுவார்கள். இது எல்லோரிடமும் கேட்க வேண்டிய கேள்வி, உங்களைப் பற்றிய சந்தேகம் இல்லை. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது என்பது மனநலத் துறையில் உறுதிப்பட்ட விஷயம். எண்ணம் வந்திருந்தால் வந்தது என்று சொல்லுங்கள், எத்தனை நாளாக என்பதையும் சொல்லுங்கள். அந்த ஒரு பதிலை வைத்துத்தான் உங்களை எவ்வளவு சீக்கிரம் மருத்துவரிடம் இணைப்பது என்று முடிவு செய்வார்கள். அந்த எண்ணம் இப்போதே அழுத்தமாக இருந்தால் தாள், தயாரிப்பு எதுவும் வேண்டாம். உடனே கூப்பிடுங்கள், கூடவே வீட்டில் ஒருவரை எழுப்புங்கள். ஆபத்து என்று தோன்றினால் 108.

அழைப்பின் கடைசிப் பகுதியில் மூச்சுப் பயிற்சி போல ஏதாவது சொல்லித் தரலாம். நாலு எண்ணி உள்ளே இழுத்து, ஆறு எண்ணி வெளியே விடுவது, ஐந்து நிமிடம். இதைக் கேட்டதும் “இதுக்கா கூப்பிட்டேன்” என்று தோன்றும். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு மெல்லத் தணியும், தணிந்த உடம்பில்தான் யோசனை ஓடும். அந்த அளவுக்குத்தான் அதன் வேலை. நிராகரிப்பை அது சரிசெய்வதாக யாரும் சொல்லவில்லை. செய்து பார்த்துவிட்டு அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.

எங்கே தவறிப்போகிறது

வேலை வாங்கித் தருவார்கள் என்ற எதிர்பார்ப்போடு கூப்பிடுவது முதல் தவறு. ரெஸ்யூமே திருத்துவது, காலியிடம் சொல்வது இவர்களுடைய பணி இல்லை. அதற்கு மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் இருக்கிறது. அங்குள்ள தன்னார்வப் பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுக்கு இலவச வகுப்பும் நடக்கிறது; தனியாகப் படித்துத் தனியாகத் தோற்பதைவிட அங்கே நாலு பேரோடு உட்காருவது மனசுக்கும் நல்லது.

ஆலோசகர் பொதுவாகப் பேசும்போது பேசாமல் இருந்துவிடுவது இரண்டாவது தவறு. “கவலைப்படாதீங்க, நல்லது நடக்கும்” என்ற இடத்தில் பேச்சு நின்றால், நீங்கள் தாளின் ஐந்தாவது வரியைப் படிக்க வேண்டும்: “சார், அது புரியுது. இன்னைக்கு ராத்திரி தூங்குறதுக்கு என்ன பண்ணட்டும்?” கேள்வி குறுகினால் பதிலும் குறுகும். இதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

அடுத்த முறை கூப்பிடும்போது வேறொருவர் எடுக்கலாம். தொலைபேசிச் சேவைகளின் அமைப்பிலேயே உள்ள குறை இது. கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டிவந்தால் நாலாவது முறை அலுத்துவிடும். தாளை அதற்காகவும் பத்திரப்படுத்துங்கள். போன அழைப்பில் என்ன சொன்னார்கள், எதைச் செய்து பார்த்தீர்கள் என்று அதன் கீழேயே ஒரு வரி சேர்த்தால், புதியவர் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். தொடர்ந்து ஒரே ஆளிடம் பேசுவது முக்கியம் என்றால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ தனியார் உளவியலாளரிடமோ நேரில் போவதுதான் சரி. 2024 அக்டோபர் 10 முதல் டெலி மானஸ் செயலியும் இருக்கிறது. சுய பராமரிப்புக் குறிப்புகள் அதில் உண்டு. நம் கணிப்பில், மனம் உடைந்த இரவுக்குக் குறிப்பைவிடக் குரல் நல்லது.

அழைப்புக்கு வெளியே செய்ய வேண்டியவை

அழைப்பை வைத்த பிறகு இருக்கும் இருபத்து மூன்றரை மணி நேரம் உங்களுடையது. அதற்கு நாம் முதலில் பரிந்துரைப்பது ஒரு நாற்பது பக்க நோட்டு.

1994-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. வேலை இழந்த தொழில்நுட்பப் பணியாளர்களில் ஒரு பிரிவினரை, வேலை போனதைப் பற்றிய ஆழமான எண்ணங்களையும் உணர்வுகளையும் தினமும் 20 நிமிடம், ஐந்து நாள் எழுதச் சொன்னார்கள். அப்படி எழுதியவர்களில் மற்றப் பிரிவினரைவிட அதிகம் பேர் அடுத்த மாதங்களில் வேலையில் சேர்ந்திருந்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக விண்ணப்பம் அனுப்பியதால் வந்த வித்தியாசமாக அது தெரியவில்லை. கசப்பை வெளியே இறக்கியவர்கள் இன்டர்வியூவில் அதைச் சுமந்துகொண்டு போகவில்லை என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கம். சிறிய ஆய்வுதான்; ஆனால் செலவில்லாதது, தீங்கில்லாதது, ஐந்தே நாள். எழுதும் முறையில் கவனம் வேண்டும். எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம், யாருக்கும் காட்ட வேண்டாம், 20 நிமிடம் ஆனதும் நிறுத்திவிட வேண்டும். தூங்கப் போகுமுன் எழுதினால் சிலருக்குக் கிளறிவிட்டுத் தூக்கம் இன்னும் கெடும். மாலை ஐந்து, ஆறு மணி நல்லது. ஐந்து நாளுக்குப் பிறகும் அதே நாலு வரிதான் சுற்றிச் சுற்றி வருகிறது என்றால் எழுதுவதை நிறுத்திவிட்டு, அந்த நாலு வரியை 14416-இல் படித்துக் காட்டுங்கள்.

மின்னஞ்சல் பார்ப்பதை இரண்டு வேளையாகக் குறைக்க வேண்டும். காலை பதினொன்று, மாலை ஐந்து. மற்ற நேரம் அறிவிப்பு ஒலி அணைந்திருக்கட்டும். நிறுவனத்திலிருந்து அவசரம் என்றால் போனில்தான் கூப்பிடுவார்கள், ஆகவே இதனால் எதுவும் தவறிப்போகாது. இரவு ஒன்பதுக்கு மேல் லிங்க்ட்இன் வேண்டவே வேண்டாம். கூடப் படித்தவனின் ‘புதிய பொறுப்பில் சேர்ந்திருக்கிறேன்’ பதிவைப் படுக்கையில் பார்த்துவிட்டுத் தூங்குவது கடினம். படுத்து இருபது நிமிடத்துக்கு மேல் தூக்கம் வராவிட்டால் எழுந்து, மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்து, கண் சொருகும்போது திரும்பிப் படுங்கள். புரண்டுகொண்டே கிடந்தால் படுக்கை என்றாலே கவலை என்று உடம்பு பழகிவிடும்.

நிறுவனத்துக்கு ஒரே ஒரு பதில் எழுதலாம். நேர்காணல்வரை போயிருந்தால் மட்டும், இரண்டு மூன்று நாளுக்குள், நாலு வரி: நேரம் ஒதுக்கியதற்கு நன்றி, எந்தத் திறனில் நான் மேம்பட வேண்டும் என்று ஒரு வரி சொன்னால் உதவியாக இருக்கும், பின்னாளில் பொருத்தமான இடம் வந்தால் நினைவில் கொள்ளுங்கள். ‘ஏன் என்னை எடுக்கவில்லை’ என்ற தொனி வந்துவிட்டால் அனுப்பாதீர்கள். பெரும்பாலும் பதில் வராது. வராது என்று முன்பே எழுதி வைத்துக்கொண்டு அனுப்பினால் இரண்டாவது அடி விழாது.

வீட்டில் கேட்கும் “என்னாச்சு?” என்ற ஒற்றைச் சொல்தான் பலருக்குக் கம்பெனியின் மின்னஞ்சலைவிடக் கனமானது. அதற்கும் ஒரு தயார் வாக்கியம் வேண்டும். “இது அமையலப்பா. இந்த வாரம் ரெண்டு இடத்துக்குப் போட்டிருக்கேன். ஞாயித்துக்கிழமை நானே உட்கார்ந்து எல்லாம் சொல்றேன்.” இதில் நடந்தது இருக்கிறது, அடுத்தது இருக்கிறது, கேள்வியை நிறுத்த ஒரு நாளும் இருக்கிறது. சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை உட்கார வேண்டும். ஒரு முறை தவறினாலும் தினசரி விசாரணை திரும்பிவிடும். கல்யாண வீட்டில் “இப்ப என்ன பண்ற?” என்று கேட்கும் மாமாவுக்கு இவ்வளவு வேண்டாம், “முயற்சி பண்ணிட்டிருக்கேன் மாமா” போதும், பந்திக்கு நகர்ந்துவிடலாம்.

பெற்றோரும் 14416-ஐக் கூப்பிடலாம் என்பது பலருக்குத் தெரியாது. மகன் அறையை விட்டு வருவதில்லை, மகள் சாப்பிடுவதில்லை, என்ன பேசுவது என்று தெரியவில்லை என்றால் அதையே கேட்கலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சம்பளத்தை இழுக்காமல், “சாப்பிட வா” என்று ஒரே வேளையில் கூப்பிட்டு ஒன்றாக உட்கார்ந்தாலே பாதிப் பூட்டு திறக்கும். அறிவுரை அதற்கப்புறம்.

இது எப்போது போதாது

இரண்டு வாரம் என்பதை எல்லைக்கோடாக வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர்கள் மனச்சோர்வுக்குப் பயன்படுத்தும் ஒன்பது கேள்விப் படிவமும் ‘கடந்த இரண்டு வாரங்களில்’ என்றுதான் தொடங்கும். பெரும்பாலான நாட்களில் எதிலும் பிடிப்பின்மை, தூக்கமும் பசியும் மாறிப்போவது, எல்லாம் என் தவறு என்ற எண்ணம், காரணமில்லாத களைப்பு ஆகியவை இரண்டு வாரம் நீடித்தால் அது வேலை கிடைக்காத வருத்தத்தைத் தாண்டிவிட்டது. அப்போது தொலைபேசியோடு நிற்காமல் நேரில் பார்க்க வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் புறநோயாளிப் பிரிவு உண்டு. சென்னைக்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், புறநோயாளியாகப் பார்த்துவிட்டு அன்றே வீடு திரும்புகிறவர்கள்தான் அதிகம். காலையில் சீக்கிரம் போய்ச் சீட்டு வாங்கினால் காத்திருப்பு குறையும்.

சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா தொண்டு நிறுவனத்தின் எண் 044-24640050. அங்கே எடுப்பவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். அறிவுரை சொல்லாமல் கேட்பதே அவர்கள் முறை. வழி கேட்க வேண்டும் என்றால் 14416, யாராவது முழுசாகக் கேட்டால் போதும் என்றால் சினேகா என்று பிரித்துக்கொள்ளலாம். 14416 இந்தியாவுக்குள் பயன்படுத்தும் எண். இலங்கையில் இருப்பவர்களுக்கு 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணும், சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர் அமைப்பின் 1767-உம் இருக்கின்றன.

இன்னோர் எண்ணையும் இதோடு சேர்த்தே சேமிக்கச் சொல்கிறோம்: 1930, இணையவழிக் குற்றங்களுக்கான உதவி எண். தொடர்ந்து நிராகரிக்கப்பட்டவரைத் தேடித்தான் ‘உங்கள் ரெஸ்யூமே தேர்வாகிவிட்டது, பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்கள்’ என்ற வாட்ஸ்அப் செய்தி வரும். பத்து முறை இல்லை என்று கேட்ட காதுக்கு அந்த ஒரு ‘ஆம்’ எவ்வளவு இனிக்கும் என்பது அனுப்புகிறவனுக்குத் தெரியும். வேலைக்கு எடுக்கும் நிறுவனம் பயிற்சிக் கட்டணம், லேப்டாப் முன்பணம், சரிபார்ப்புக் கட்டணம் என்று பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். கட்டிவிட்டீர்கள் என்றால் வெட்கப்பட்டு நாளைக் கடத்தாமல், பணம் போன அந்த மணி நேரத்திலேயே 1930-க்குப் புகார் சொல்ல வேண்டும். பணம் அடுத்த கணக்குக்கு நகரும் முன் முடக்கினால்தான் மீட்க வழி உண்டு. பரிவர்த்தனை எண், கட்டிய நேரம், தொகை மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். புகார் கொடுத்த பிறகு வரும் குற்ற உணர்ச்சிக்கு மறுபடி 14416.